சுவரில் ஒரு துளை, பின்னால் ஒரு ராத்தா

(கல்முனையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கல்வித் தொழில்நுட்பத்தையும் கற்றலையும் ஆராய்ந்த ஒரு பேராசிரியரின் ஆய்வு வாழ்க்கையைப் பற்றிப் பேசும்படி இந்த அறக்கட்டளையின் குழுவினர் கேட்டுக்கொண்டார்கள். நான் தெரிந்தெடுத்தவர் பேராசிரியர் சுகதா மித்ரா. 1952ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்த வங்காளி. அவருடைய ஆய்வுகளுள் மிக முக்கியமானது எது என்று என்னிடம் கேட்டால், உலகம் அறிந்த டில்லிப் பரிசோதனையைச் சொல்ல மாட்டேன். 2004 டிசம்பர் 26இல் நம்மைத் தாக்கிய அதே கடல் தாக்கிய ஒரு தமிழ்க் கிராமத்தில், தமிழ் பேசும் பிள்ளைகளிடம் அவர் செய்த பரிசோதனையைத்தான் சொல்வேன். இந்தக் கரையில் நின்று அவரைப் பற்றிப் பேசுவதற்கு அந்த ஒரு காரணமே எனக்குப் போதும்.

மித்ரா கல்வியியல் படித்தவர் அல்லர்; பௌதிகவியலாளர். சேதனக் குறைகடத்திகளைப் பற்றி ஆய்ந்து 1978இல் டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பிறகு கணினிப் பக்கம் திரும்பி, கணினிப் பயிற்சி நிறுவனமான என்ஐஐடியில் ஆய்வுப் பொறுப்பில் அமர்ந்தார். இந்தப் பின்னணியை நாம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். யாரும் கட்டளையிடாமலே ஒழுங்கு தானாக உருவாவதைப் பௌதிகவியலாளர்கள் இயற்கையில் காண்கிறார்கள். அதே கண்ணோடுதான் அவர் பிள்ளைகளையும் பார்த்தார். அவருடைய பலமும் பலவீனமும் இந்தப் பார்வையிலிருந்தே வந்தன என்பது என் கருத்து.

டில்லி கால்காஜியில் இருந்த என்ஐஐடி அலுவலகத்தின் சுற்றுச்சுவருக்கு அப்பால் ஒரு சேரி. 1999 ஜனவரி 26ஆம் திகதி, அந்தச் சுவரில் துளையிட்டு, திரை வெளிப்பக்கம் தெரியும்படி இணைய வசதியுள்ள கணினி ஒன்றைப் பதித்தார்கள். எவருக்கும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. பாடசாலைக்குச் சரியாகப் போகாத, ஆங்கிலம் தெரியாத பிள்ளைகள் சில மணி நேரத்துக்குள்ளேயே இணையப் பக்கங்களைத் திறந்து பார்க்கப் பழகினார்கள். பழகிய பிள்ளை மற்றப் பிள்ளைக்குக் காட்டிக் கொடுத்தது. திரையில் ஓடும் அம்புக்குறியை ஊசி என்றும், காத்திருக்கச் சொல்லும் மணற்கடிகாரத்தை உடுக்கை என்றும் தங்கள் மொழியிலேயே பெயர் வைத்துக்கொண்டார்கள். இந்திய இராஜதந்திரி விகாஸ் ஸ்வரூப் தம் நாவலை எழுதுவதற்கு இந்தச் செய்தி ஒரு தூண்டுதலாக இருந்தது. அந்த நாவல்தான் பிற்பாடு ஸ்லம்டோக் மில்லியனர் என்ற திரைப்படமாயிற்று.

அடுத்த ஆண்டுகளில் சிவபுரி உட்பட இந்தியாவின் பல ஊர்களில் இத்தகைய கணினிகள் வைக்கப்பட்டன. சிறிய துளையிட்டுச் செய்யும் சத்திரசிகிச்சையிலிருந்து பெயரை இரவல் வாங்கி, இதற்கு மிகக் குறைந்த தலையீட்டுக் கல்வி என்று மித்ரா பெயரிட்டார். ஹைதராபாத்தில் வேறொரு சோதனை செய்தார். தெலுங்கு வாடையோடு ஆங்கிலம் பேசும் பிள்ளைகளிடம், பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் மென்பொருள் ஒன்றைக் கொடுத்து, அது விளங்கிக்கொள்ளும்வரை பேசிப் பாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தார். சில மாதங்களில் பிள்ளைகளின் உச்சரிப்பு திருந்தியிருந்தது.

இவற்றுக்கிடையில் அவர் செய்த ஓர் அளவீட்டை, இங்கே இருக்கும் வலயக் கல்வி அதிகாரிகள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். டில்லியிலிருந்து விலகிப் போகப் போகப் பாடசாலைகளின் பெறுபேறு எப்படி மாறுகிறது என்று பார்த்தார். தூரம் கூடக் கூடப் பெறுபேறு இறங்கியது. கட்டடமோ தளபாடமோ இந்த இறக்கத்தை விளக்கவில்லை. இங்கிருந்து மாற்றலாகிப் போக விரும்புகிறீர்களா என்று ஆசிரியர்களிடம் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில்தான் விளக்கியது. கஷ்டப் பிரதேசம், அதிகஷ்டப் பிரதேசம் என்று பாடசாலைகளைப் பிரித்து வைத்திருக்கும் நமக்கு இது புதினமல்ல. பொத்துவில் பக்கம் நியமனம் கிடைத்தவர் கல்முனைக்கு வர நாள் எண்ணுவதை நாம் காண்கிறோம். அவரைக் குறை சொல்வதற்காக இதை நான் சொல்லவில்லை. குடும்பம் ஓரிடம், தொழில் ஓரிடம் என்று வாழ்வது கடினம். ஆனால் அந்த எண்ணத்தின் விலையை ஒவ்வொரு தவணையும் பிள்ளைகளே கட்டுகிறார்கள்.

கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க்கை மித்ரா சந்தித்ததும் இந்த ஆய்வுகளின் தொடர்ச்சியில்தான். இயந்திரத்தால் ஈடுசெய்யக்கூடிய ஆசிரியர் இயந்திரத்துக்கே இடம் விட்டுவிட வேண்டும் என்பது கிளார்க்கின் வாதம். அதைக் கேட்டு ஆசிரியர்கள் கோபப்படுகிறார்கள். நான் கோபப்படவில்லை. இயந்திரத்தால் ஈடுசெய்ய முடியாதது ஆசிரியரிடம் எது என்ற கேள்வியை அது நம் மடியில் போட்டுவிடுகிறது. மித்ராவின் அடுத்த பரிசோதனை, அவர் நினைத்தோ நினையாமலோ, அதற்கு விடை சொல்லிவிட்டது.

2006இல் அவர் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் கல்வித் தொழில்நுட்பப் பேராசிரியரானார். தம் கொள்கை எங்கே உடைகிறது என்று பார்க்க விரும்பினார். தென்னிந்தியக் கடலோரத்தில், சுனாமி தாக்கிய காளிக்குப்பம் என்ற தமிழ்க் கிராமத்துக்குப் போனார். 10 முதல் 14 வயது வரையான சிறு குழுவொன்று. பாடம் மூலக்கூற்று உயிரியல், அதாவது டி.என்.ஏ. எப்படித் தன்னைப் படி எடுக்கிறது என்பது போன்ற விடயங்கள். கணினியில் இருந்தவை அத்தனையும் ஆங்கிலத்தில். பிள்ளைகளுக்குத் தெரிந்தது தமிழ். நடக்கவே நடக்காது என்று தெரிய வேண்டும் என்பதற்காகவே வகுத்த சோதனை போலத்தான் இது தோன்றுகிறது.

இரண்டு மாதத்துக்கு மேல் கழித்துத் திரும்பி வந்து கேட்டபோது, ஒன்றும் விளங்கவில்லை என்றார்கள் பிள்ளைகள். விளங்காத ஒன்றை ஏன் இன்னும் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். ஒரு சிறுமி கை உயர்த்தி, டி.என்.ஏ. பிழையாகப் படி எடுக்கப்பட்டால் நோய் வரும் என்பதைத் தவிர வேறெதுவும் எங்களுக்கு விளங்கவில்லை என்று சொன்னாளாம். தொடக்கத்தில் பூச்சியத்தை ஒட்டியிருந்த புள்ளி 30 வீதமாகியிருந்தது. அருகில் இருந்த அரச பாடசாலையில் படித்த பிள்ளைகளோடு ஒப்பிடத்தக்க நிலை அது.

இனித்தான் நான் அழுத்திச் சொல்ல வந்த பகுதி. 30 வீதம் சித்தியடையப் போதாது. மித்ரா அந்த ஊரில் ஆசிரியர் தேடினார், கிடைக்கவில்லை. பிள்ளைகளோடு எப்போதும் விளையாடும் 22 வயதுப் பெண் ஒருவர் இருந்தார், கணக்கு வேலை பார்ப்பவர். உயிரியல் அவருக்குத் தெரியாது. மூத்தம்மாவின் முறையைக் கையாளுங்கள் என்றார் மித்ரா: பிள்ளைகளுக்குப் பின்னால் நில்லுங்கள், அவர்கள் ஏதாவது செய்யும்போது வியந்து போங்கள், இதை எப்படிச் செய்தாய், அடுத்த பக்கத்தில் என்ன இருக்கிறது, உன் வயதில் எனக்கு இது வராதே என்று கேட்டுக்கொண்டிருங்கள். மேலும் இரண்டு மாதம். புள்ளி 50 வீதமானது. பயிற்சி பெற்ற ஆசிரியரிடம் இதே பாடத்தைப் படித்த, டில்லியின் வசதியான தனியார் பாடசாலைப் பிள்ளைகள் எடுத்திருந்த அளவு அது. மித்ராவும் ரித்து தங்வாலும் எழுதிய கட்டுரை 2010இல் பிரித்தானியக் கல்வித் தொழில்நுட்ப ஆய்விதழில் வெளியானது. தன்னமைவுக் கற்றலின் எல்லைகள் என்ற பொருள்படத்தான் அவர்கள் தலைப்பே வைத்தார்கள். அந்தத் தலைப்பின் நேர்மையை நான் மதிக்கிறேன்.

பூச்சியத்திலிருந்து முப்பது, கணினியும் பிள்ளைகளின் கூட்டமும் கொடுத்தது. முப்பதிலிருந்து ஐம்பது, பின்னால் நின்ற அந்த அக்கா, நம் வழக்கில் ஒரு ராத்தா, கொடுத்தது. உலகம் முதல் எண்ணைக் கொண்டாடியது. மித்ராவின் பேச்சுகளைக் கேட்டவர்கள், ஆசிரியர் தேவையில்லை என்று இந்தியப் பேராசிரியர் நிரூபித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டு போனார்கள். அமைச்சுகளுக்கும் கணினி விற்கும் கம்பனிகளுக்கும் அது இனித்தது. ஒரு ராத்தாவை நியமிப்பதை விட ஆயிரம் டெப் வாங்குவது எளிது. அவருடைய ஆய்வு வாழ்க்கையின் சாரம் இரண்டாவது எண்ணில் இருக்கிறது என்பதே இன்று நான் சொல்ல வந்தது.

பிள்ளை பிள்ளைக்குக் கற்பிப்பது நமக்குப் புதிதா? குர்ஆன் மதரசாவில் லெப்பை ஒருவர், முன்னே நாற்பது பிள்ளைகள். ஜுஸ்உ முடித்த பிள்ளை அலிஃப் தொடங்கிய பிள்ளையிடம் பாடம் கேட்கும். தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியில் சட்டாம்பிள்ளை இருந்தார். 1789இல் சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் விடுதிக்குப் பொறுப்பேற்ற அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டார். தம் ஆசிரியர்கள் அதைக் கையாள மறுத்தபோது, ஜோன் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கொண்டு சிறியவர்களுக்குக் கற்பித்தார். 1797இல் அதை இலண்டனில் நூலாக்கினார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. செயின்ற் அன்ட்ரூஸ் நகரில் அவர் விட்டுச் சென்ற பணத்தில் எழுந்த பாடசாலைக்கு இன்றும் மெட்ராஸ் கல்லூரி என்றே பெயர். இரண்டு நூற்றாண்டு கழித்து மித்ராவும் அதே வழியில் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போனார். இந்தப் பொருளில் நாம் வெறும் வாங்கிக்கொள்பவர்களாக இருக்க வேண்டியதில்லை. கொடுத்தவர்களின் பரம்பரை நம்முடையது.

மித்ராவைக் குறை சொன்னவர்களையும் கேட்க வேண்டும். மார்க் வார்ஷவர் என்ற அமெரிக்க ஆய்வாளர் டில்லியில் நேரில் போய்ப் பார்த்தார். இணையம் பெரும்பாலும் வேலை செய்யவில்லை, ஹிந்தியில் உள்ளடக்கம் இல்லை, பிள்ளைகள் படம் வரைவதும் விளையாடுவதுமாக இருந்தார்கள், பெற்றோருக்குத் திருப்தியில்லை என்று எழுதினார். பயல் அரோரா என்ற ஆய்வாளர் உத்தரகாண்ட் மலைப் பகுதியில் அல்மோராவிலும் ஹவால்பாக்கிலும் பார்த்தபோது, கணினி நிலையங்கள் மூடிக் கிடந்தன. அவருடைய கட்டுரையும் அதே 2010இல் அதே ஆய்விதழில்தான் வந்தது. திறந்த வெளியில் வைத்த கணினியை வலிமையான பையன்கள் பிடித்துக்கொள்ள, பெண் பிள்ளைகள் ஒதுங்கிப் போனார்கள் என்பதும் சொல்லப்பட்டது. 2013இல் மித்ராவுக்கு டெட் அமைப்பின் பத்து இலட்சம் டொலர் பரிசு கிடைத்தது. முகிலில் ஒரு பாடசாலை என்று பெயரிட்டு இந்தியாவில் ஐந்து, இங்கிலாந்தில் இரண்டு என ஏழு ஆய்வுகூடங்களை அமைத்தார். சுந்தரவனத்துக் கோரகாட்டியில் வைத்த கூடம் மின்சாரத்தோடும் இணையத்தோடும் பட்ட பாட்டைப் பின்னால் வந்த ஆவணப்படத்தில் காணலாம்.

இந்தக் குறைகளை நான் ஏற்கிறேன். காளிக்குப்பத்தில் குழு சிறியது, காலம் குறுகியது, ஒரே சோதனைத்தாள் திரும்பவும் கொடுக்கப்பட்டது. அதன் மேல் ஒரு நாட்டின் கல்விக் கொள்கையைக் கட்ட முடியாது. ஆனால் மூடிக் கிடந்த கணினிகள் எதைச் சொல்கின்றன? எந்திரத்தை வைத்தவர்கள் ஆளை வைக்கவில்லை. மித்ராவின் தோல்வியும் வெற்றியும் ஒரே சாட்சியத்தைத்தான் தருகின்றன.

இனி நம் கரைக்கு வருவோம். 2020 மார்ச்சில் கொவிட் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, கல்வித் தொழில்நுட்பம் நம் வீட்டுக் கதவைத் தட்டி வந்தது. கையடக்கத் தொலைபேசியாக, வட்ஸ்அப் குழுவாக வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரு போன். வாப்பா கட்டாரில். உம்மா டேட்டா போட்டுக் கொடுப்பார். மூத்தவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். இளையவர்கள் வாசலில் காத்திருப்பார்கள். வந்து விழும் பயிற்சித்தாளை அவன் படம் பிடித்து அனுப்பினான். விளங்கியதா என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

கால்காஜிச் சுவருக்கு முன்னால் நடந்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே ஒரு திரை, சுற்றிலும் பத்துப் பிள்ளைகள். ஒருவன் கை வைக்க, நான்கு பேர் வழி சொன்னார்கள், மற்றவர்கள் பார்த்துக் கற்றார்கள். பிழை செய்தால் சிரிப்பு, சரியாகச் செய்தால் ஆரவாரம். மித்ரா கண்டுபிடித்த கற்றல் அந்தக் கூட்டத்துக்குள் நடந்தது. நாமோ திரையைச் சிறிதாக்கி, ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக்கி, அதற்கும் தொழில்நுட்பக் கல்வி என்றே பெயர் வைத்தோம். தனியாக இருக்கும் பிள்ளையின் கையில் உள்ள போன் பாடத்தை விட்டு வேறெங்கோ போய்விடுகிறது என்று உம்மாமார் முறையிடுகிறார்கள். அவர்கள் சொல்வது உண்மை. பொது இடத்தில், எல்லோரும் பார்க்கும் பெரிய திரையில் அது நடப்பது மிக அரிது என்பதை மித்ரா ஆரம்பத்திலேயே கவனித்திருந்தார்.

நம் நாட்டிலும் வழி தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். திறந்த பல்கலைக்கழகத்தில் கல்வித் தொழில்நுட்பப் பேராசிரியராக இருந்த ஷிரோனிகா கருணாநாயக்க, ஒன்பது மாகாணங்களின் ஆசிரியர்களையும் உள்ளடக்கி ஓர் ஆய்வு செய்தார். இலவசமாகத் திருத்திப் பயன்படுத்தக்கூடிய திறந்த கல்வி வளங்களைக் கையாள அவர்களைப் பழக்கினார். பிறர் ஆக்கியதை அப்படியே கொடுப்பவராக இருந்த ஆசிரியர், தாமே ஆக்கவும் பகிரவும் தொடங்குவதை அவதானித்தார். அறிவகம் என்று நாம் அழைக்கும் நெனசல நிலையங்களைக் கிராமங்கள்தோறும் அமைத்த திட்டத்துக்கு 2014இல் பில் கேட்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர் விருது கிடைத்தது. மித்ராவுக்குக் கிடைத்த அதே தொகை.

மொழியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காளிக்குப்பத்துப் பிள்ளைகள் தெரியாத மொழியில் படித்து ஐம்பது எடுத்தார்கள். அதே பாடம் நல்ல தமிழில், நல்ல படங்களோடு இருந்திருந்தால் என்ன எடுத்திருப்பார்கள்? அந்தக் கேள்வியை எவரும் அங்கே சோதிக்கவில்லை. இங்கிருந்து தெற்கே, சாய்ந்தமருதைத் தாண்டியதும் காரைதீவு. 1892இல் அங்கே பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானம் படித்து, விஞ்ஞானம் கற்பித்தவர். 1930களில் சென்னையில் தமிழ்க் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானத்தைத் தமிழில் எழுதுவதற்கான கருவிகளை ஆக்கியவர்களுள் ஒருவர், இந்த மேடையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் பிறந்தார். 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், அவரோடு பழகிய நாட்களில்தான் முஸ்லிம்களின் கல்வியைத் தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார். தமிழில் விஞ்ஞானம், ஊர்ப் பிள்ளைகளுக்குக் கல்வி என்ற இரண்டு எண்ணங்களும் இந்தக் கரையில் ஒருமுறை சந்தித்திருக்கின்றன.

ஆகவே என் கோரிக்கைகளைச் சொல்லிவிடுகிறேன்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்காகவும், பிறகு பல்கலைக்கழக அனுமதிக்காகவும் மாதக்கணக்கில் வீட்டில் காத்திருக்கும் பெண் பிள்ளைகள் மருதமுனையிலும் நற்பிட்டிமுனையிலும் நிந்தவூரிலும் எத்தனை பேர்! காளிக்குப்பத்துப் பெண்ணுக்கு உயிரியல் தெரியாது. இவர்களில் பலருக்கு உயிரியலே பாடம். பாடசாலை, நூலகம், பள்ளிவாசல் மண்டபம், எது கிடைக்கிறதோ அங்கே பின்னேரத்தில் இரண்டு மணி நேரம், ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரிய திரை என்று வையுங்கள். பெண் பிள்ளைகளுக்கு அவர்களுக்கென்று நேரமும் இடமும் ஒதுக்குங்கள். பின்னால் நிற்க ஒரு ராத்தாவை அழையுங்கள். அவருக்கு ஒரு கொடுப்பனவு கொடுங்கள். இலவச உழைப்பில் எந்தத் திட்டமும் இரண்டாம் ஆண்டைக் காண்பதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியைகளும் வெளிநாட்டில் வாழும் நம் பெண்களும் காணொளி வழியாக வரலாம். மித்ரா 2009 முதல் இங்கிலாந்து மூத்தம்மாமாரைக் கொண்டு அதைச் செய்து காட்டியிருக்கிறார்.

ஒலுவில் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களுக்கு என் கோரிக்கை வேறு. காளிக்குப்பத்துப் பரிசோதனையை இந்தக் கரையில், தமிழில், பெரிய குழுவோடு, ஒப்பீட்டுக் குழு வைத்து மீண்டும் செய்யுங்கள். ராத்தா இருந்தால் எத்தனை, இல்லாவிட்டால் எத்தனை, தமிழில் எத்தனை, ஆங்கிலத்தில் எத்தனை என்று அளந்து எழுதுங்கள். பெறுபேறு நான் இன்று பேசியதற்கு மாறாக வந்தாலும் மறைக்காமல் வெளியிடுங்கள். அம்பாறை மாவட்டத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன சுனாமிக்குப் பிறகு, உலகெங்குமிருந்து ஆய்வாளர்கள் வந்து நம்மிடம் கேள்வி கேட்டுப் போனார்கள். நம் பிள்ளைகள் எப்படிக் கற்கிறார்கள் என்ற கேள்வியை நாமே கேட்க வேண்டும்.

இந்த அறக்கட்டளையின் அடுத்த ஆண்டு நிதியில் ஒரு பகுதியை இந்த இரண்டு வேலைகளுக்கும் ஒதுக்கித் தருமாறு நிறுவிய குடும்பத்தினரை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். பெயர் கொடுக்க விரும்பும் ராத்தாமார் கூட்டம் முடிந்ததும் முன்வரிசைக்கு வாருங்கள்.